விடை சரி, மேல்வரி தவறு

கணித ஆசிரியராக வீட்டுப்பாடக் குறிப்பேடுகளைத் திருத்தும்போது எனக்கு அதிகக் கவலை தருபவை தவறான விடைகள் அல்ல. சரியான விடைக்கு மேலே இருக்கும் பொருளற்ற வரிகளே. 3க + 5 = 20 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் (தெரியாத எண்ணை இக்கட்டுரை முழுவதும் ‘க’ என்றே குறிக்கிறேன்), மாணவர் பலர் ‘20 − 5 = 15 ÷ 3 = 5’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். 5 என்ற விடை சரிதான். ஆனால் அந்த வரியை உள்ளபடி படித்தால் 15-உம் 5-உம் சமம் என்றாகிறது. வீட்டில் இருப்பவர்கள் கடைசி எண்ணை மட்டும் புத்தகத்தின் விடைப்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவதால், இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் உடன் வருகிறது.

இதன் வேர் தொடக்க வகுப்புகளில் இருக்கிறது. ‘7 + 4 =’ என்று எழுதி, அடுத்து ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டே நாம் குழந்தைகளைப் பழக்குகிறோம். அதனால் சமக்குறி என்பது ‘இனி விடையை எழுது’ என்னும் கட்டளையாகவே மனத்தில் பதிந்துவிடுகிறது. 8 + 4 = ▢ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள்; 12 என்று எழுதும் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சரியான விடை 7. 1557-இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை முதன்முதலாக அச்சில் பயன்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னார். இருபுறமும் ஒரே மதிப்பு என்ற அந்தப் பொருள் மனத்தில் நிற்காத மாணவருக்கு, இயற்கணிதம் முழுவதும் மனப்பாடம் செய்ய வேண்டிய சடங்காகிவிடுகிறது.

அந்தச் சடங்குகளில் முதன்மையானது ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்ற சூத்திரம். நானும் என் மாணவப் பருவத்தில் இதைச் சொல்லித்தான் மதிப்பெண் வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3க = 15 என்ற இடத்துக்கு வந்ததும் இதே சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ‘க = 15 − 3 = 12’ என்று எழுதும் மாணவரைக் கண்ட பிறகு, அதை வகுப்பில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் சூத்திரத்துக்குக் கீழ்ப்படிந்தார். 3 என்பது க-வோடு கூட்டப்பட்டிருக்கவில்லை, அதைப் பெருக்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று சூத்திரம் அவருக்குச் சொல்லவில்லை. உண்மையில் எந்த எண்ணும் எங்கும் நகர்வதில்லை. இருபுறமும் 5-ஐக் கழிக்கிறோம், பிறகு இருபுறமும் 3-ஆல் வகுக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி ‘அல்-ஜப்ர்’ என்று அழைத்த செயலும் இதுபோன்றதே: ஒருபுறம் கழிக்கப்பட்டிருக்கும் உறுப்பை இருபுறமும் கூட்டிக் குறையை நிரப்புதல். இயற்கணிதத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அல்ஜீப்ரா’ என்ற பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்தது. முதல் சில மாதங்களுக்காவது ‘இருபுறமும் 5-ஐக் கழிக்க’ என்று வரிக்குப் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டும். கை வலிக்கிறது என்பார்கள், வலிக்கட்டும்.

அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி வரும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பின் குறியும் மாற வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; −(க − 4) என்பது −க + 4, அவ்வளவுதான். ஆனால் (க + 3)² என்பதைக் க² + 9 என்று எழுதும் பிழை அத்தனை எளிதில் போகாது. விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரு சதுரம் வரைவது பயன் தரும். பக்கம் 5 உள்ள சதுரத்தின் பரப்பளவு 25. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் 2, 3 எனப் பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால், 4 பரப்புள்ள ஒரு சிறு சதுரமும் 9 பரப்புள்ள ஒரு சதுரமும் கிடைக்கும். அவை போக, 6 பரப்புள்ள இரண்டு செவ்வகங்களும் இருக்கும். 4 + 9 = 13 என்று மட்டும் எழுதியவர் அந்தச் செவ்வகங்கள் இரண்டையும் மறந்துவிட்டார். 2-க்குப் பதிலாகக் க-வை வைத்தால் அந்தச் செவ்வகங்கள் ஒவ்வொன்றும் 3க; ஆகவே (க + 3)² என்பது க² + 6க + 9. விடுபட்டதைத் தன் கண்ணாலேயே பார்த்த மாணவர் 6க என்ற நடு உறுப்பைப் பெரும்பாலும் மறுபடி விடுவதில்லை.

வடிவியலில் நிலைமை தலைகீழ். இங்கே படம் உதவுவதைப் போலவே ஏமாற்றவும் செய்யும். செங்கோணம் போலத் தோன்றுவதால் 90 பாகை என்று எழுதுவதும், நடுவில் இருப்பது போலத் தெரிவதால் அதை மையப்புள்ளி என்று கொள்வதும் அன்றாடம் நடப்பவை. ‘ஓர் இருசமபக்க முக்கோணத்தின் ஒரு கோணம் 40 பாகை, மற்றவற்றைக் காண்க’ என்று கேட்டால், சம பக்கங்கள் சந்திக்கும் உச்சியிலேயே 40-ஐ வைத்து 70, 70 என்று முடித்துவிடுகிறார்கள். 40 என்பது அடிக்கோணமாகவும் இருக்கலாம். அப்போது மற்ற இரண்டும் 40, 100. கேள்வி சொல்லாத ஒன்றைப் படம் சொல்லிவிட்டது. அதனால்தான், முதலில் தரப்பட்டவற்றை மட்டும் தனியே எழுதிக்கொண்டு, பிறகு உதவிப் படம் வரையுமாறு சொல்கிறேன். பக்கங்கள் 3, 4, 8 என்று கொடுத்துச் சுற்றளவைக் கேட்டால், 15 என்று தயங்காமல் எழுதுகிறார்கள். 3-உம் 4-உம் சேர்ந்தும் 8-ஐ எட்டாததால் அப்படியொரு முக்கோணமே இல்லை என்பதை அளவுகோலை எடுத்து வரைய முயன்றவரே கண்டுகொள்கிறார். (வினாத்தாள் தயாரிக்கும் நாங்களும் சில நேரங்களில் இதில் வழுக்கியிருக்கிறோம்.)

கணக்கைப் படம் பிடித்தால் படிகளோடு விடை தரும் கைப்பேசிச் செயலிகளைத் தடை செய்யச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். தடை செய்வது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் செயலி காட்டிய கணக்கில் எண்களை மட்டும் மாற்றி, கைப்பேசியை மூடிவைத்து, ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். புரிந்ததா, பார்த்து எழுதியதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரிபார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்தின் இருமடங்கைவிட 3 அதிகம்; சுற்றளவு 36; அளவுகளைக் காண்க’ என்ற கணக்கில், அகலத்தைக் க என்று கொண்ட ஒரு மாணவர் க + 2க + 3 = 36 என்று எழுதி, அகலம் 11, நீளம் 25 என்று முடித்திருந்தார். சரிபார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் ஐயா, 33 + 3 = 36 வருகிறதே என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் தன்னுடைய சமன்பாட்டில்தான் அதைச் சரிபார்த்தார், கேள்வியில் அல்ல. கேள்வியின் சொற்களுக்கே திரும்பிப் போய், 11-உம் 25-உம் பக்கங்களாக உள்ள செவ்வகத்தை வரைந்து நான்கு பக்கங்களையும் கூட்டச் சொன்னேன். 72 வந்தது. சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் எதுவும் சொல்லாமலேயே முதல் வரிக்குப் போய் 36-ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதினார். அகலம் 5, நீளம் 13.