நாலு பாயிண்ட் எடுத்தவனை ஏன் சார் எடுத்தீங்க?

ஒவ்வொரு முறை கூடைப்பந்து அணிக்குப் பையன்களைத் தேர்வு செய்து முடித்ததும் யாராவது ஒரு அப்பா ஸ்கோர் ஷீட்டோடு வந்து நிற்பார். "என் பையன் பதினெட்டு பாயிண்ட். நாலு பாயிண்ட் எடுத்தவனை ஏன் சார் எடுத்தீங்க?" பெற்றோர் கேட்பது நியாயம்தான். இந்தத் தடவை தேர்வுக் குழுவில் இருந்தவரே கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதிக பாயிண்ட் எடுப்பவன்தான் நல்ல ஆட்டக்காரன் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். பாயிண்ட் சும்மா வருவதில்லை, அதற்கு ஷாட் செலவாகிறது. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ நூறு முறை பந்து கிடைக்கும். ஒரு முறைக்குச் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேல் வரும். அப்படியிருக்க, 20 ஷாட் அடித்து 18 பாயிண்ட் எடுத்தவன் அணிக்கு என்ன லாபம் கொடுத்தான்? அந்த ஷாட்களை மற்ற நால்வருக்கும் கொடுத்திருந்தால் கூடுதலாகவே வந்திருக்கலாம். கூடவே, அவன் காவல் காக்க வேண்டிய ஆள் எத்தனை எடுத்தான் என்பதை எந்த அப்பாவும் எழுதி வருவதில்லை. கோர்ட்டில் ஐந்து பேர், பந்து ஒன்று. ஐவரும் பந்து கேட்டால் ஆட்டமே நடக்காது.

பணம் புழங்கும் இடத்தில் இது நன்றாகவே தெரியும். என்பிஏவில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. அனுபவமுள்ள ஒரு நட்சத்திரத்துக்கே அதில் 35 சதவீதம் வரை போய்விடலாம். இரண்டு நட்சத்திரங்களை வாங்கிவிட்டால் மிச்சக் காசில் மற்றவர்களைத் தேட வேண்டும். சந்தை பாயிண்டுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறது. டிஃபென்ஸ், ஸ்க்ரீன் (சக ஆட்டக்காரனைக் காவல் காப்பவனின் வழியில் நின்று மறிப்பது), சரியான இடத்தில் நிற்பது எல்லாம் மலிவாகக் கிடைக்கும்.

புரூஸ் போவனைப் பாருங்கள். 1993இல் டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்கவில்லை. பிரான்சிலும் சிறு லீக்கிலும் ஆடித் திரிந்தார். 2001இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் எடுத்துக்கொண்டது. எதிரணியின் சிறந்த ஆளை மறிப்பதும், கோர்ட்டின் மூலையான கார்னரில் நின்று த்ரீ, அதாவது மூன்று புள்ளி தரும் தூர ஷாட், அடிப்பதும்தான் அவர் வேலை. அங்கே கூடையிலிருந்து த்ரீ கோடு 22 அடிதான், நடுவில் 23 அடி 9 அங்குலம். (நாம் ஆடும், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் கோர்ட்டில் இந்த வித்தியாசம் 15 செ.மீ.தான், அதே கணக்கை இங்கே போடாதீர்கள்.) 2002-03 சீசனில் த்ரீ விகிதத்தில் லீக்கிலேயே முதலிடம், 44 சதவீதம். யாரும் மறிக்காமல் அடிக்கும் ஃப்ரீ த்ரோ? 40 சதவீதம்! எல்லாம் தெரிந்த ஆளை அந்த அணி தேடவில்லை. அணியின் நட்சத்திரம் டிம் டங்கன் பக்கத்தில் நிற்க என்ன வேண்டுமோ, அது இவரிடம் இருந்தது. 2003, 2005, 2007 என மூன்று கோப்பைகள்.

அண்மைக் கதை அலெக்ஸ் கரூசோ. இவரையும் 2016 டிராஃப்டில் யாரும் தொடவில்லை. 2024இல் ஒக்லஹோமா சிட்டி தண்டர் இவருக்காக ஜோஷ் கிட்டியைக் கொடுத்தது. கிட்டி 2021 டிராஃப்டின் ஆறாவது ஆள், பாயிண்டும் இவரைவிட அதிகம் எடுப்பவர். அடுத்த ஆண்டு டென்வருடன் நடந்த பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரை அடி உயரமான டென்வர் நட்சத்திரம் நிகோலா யோகிச்சை மறிக்க இவரைத்தான் விட்டார்கள். தண்டர் வென்றது, கோப்பையும் வந்தது. அதே அணியின் லு டோர்ட்டும் டிராஃப்டில் விலை போகாதவர்தான்.

தேர்வாளர்களே, ஸ்கோர் ஷீட்டை மடித்து வைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள். ஷாட் போனதும் யார் பாக்ஸ் அவுட் செய்கிறான் (திரும்பி வரும் பந்தைப் பிடிக்க எதிராளியை உடம்பால் மறித்து நிற்கிறான்), பந்து கையில் இல்லாதபோது யார் நின்றுவிடுகிறான், டிஃபென்ஸில் யார் வாய் திறந்து பேசுகிறான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவனும் உள்ளே இருந்தபோது அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடியது, குறைந்தது என்பதையும் எழுதுங்கள், அதுதான் பிளஸ் மைனஸ். ஆனால் ஒரே ஆட்டத்தின் பிளஸ் மைனஸை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள், பத்துப் பன்னிரண்டு ஆட்டமாவது வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காரில் ஏறியதும் "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்காதீர்கள். "யாரை கார்டு பண்ணினே?" என்று கேளுங்கள்.

தம்பிகளா, கார்னர் ஷாட் பழகுங்கள், ஸ்க்ரீன் ஒழுங்காகப் போடுங்கள். அப்புறம் ஃப்ரீ த்ரோவும் பழகுங்கள். அந்த விஷயத்தில் மட்டும் போவனைக் காட்டித் தப்பிக்க விடமாட்டேன்.