கீசரில் போட்டிருக்கும் வாட் உண்மையா? ஓடும் தண்ணீரைக் கேளுங்கள்

வீட்டு இன்ஸ்டன்ட் கீசரில் 3 கிலோவாட் என்று போட்டிருக்கிறதே, அத்தனையும் தண்ணீருக்குப் போகிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வாளி, தராசு, கடிகாரம், நல்ல தெர்மாமீட்டர் ஒன்று, இவை போதும். நிமிடத்துக்கு 3 கிலோ தண்ணீர் வந்தால் நொடிக்கு 50 கிராம். 27 டிகிரியில் போய் 41-ல் வருகிறது என்றால் வித்தியாசம் 14. ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க 4.186 ஜூல். பெருக்கினால் 2,930 வாட். போகும் தண்ணீரையும் வரும் தண்ணீரையும் ஒரே தெர்மாமீட்டரால் அளந்தால், அது எப்போதும் அரை டிகிரி கூட்டிக் காட்டினாலும் கழிக்கும்போது போய்விடும்.

ஓடும் தண்ணீர் எதற்கு? பள்ளியில் செம்புக் கலோரிமீட்டரை எடைபோட்டது நினைவிருக்கும், பாத்திரமும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால். தண்ணீரை ஓடவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் குழாயெல்லாம் ஒரு சூட்டுக்கு வந்து அப்படியே நின்றுவிடும், அப்புறம் அதன் எடை நமக்கு வேண்டியதே இல்லை.

ஆனால் காற்றுக்குக் கசியும் வெப்பம்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் காலண்டர், பார்ன்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1890களின் இறுதியில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்கம்பியை ஓட்டி, சுற்றி வெற்றிட உறை போட்டு, இரு முனையிலும் பிளாட்டினம் தெர்மாமீட்டர் வைத்தார்கள். அப்படியும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவை அளக்காமலேயே கணக்கிலிருந்து விரட்டினார்கள்! உதாரணத்துக்கு, நொடிக்கு அரை கிராம் ஓடும்போது 8 டிகிரி ஏற 18 வாட் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓட்டத்தை ஒரு கிராமாக்கி, அதே 8 டிகிரி வரும்வரை மின்சாரத்தைக் கூட்டுகிறோம், 34.75 வாட் ஆகிறது. குழாயின் சூடும் அறையின் சூடும் மாறவில்லை, அதனால் கசிவும் மாறவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கசிவு காணாமல் போகிறது: 16.75 வாட், கூடுதலாக ஓடிய அரை கிராமுக்கு. அரை கிராமை 8 டிகிரியால் பெருக்கினால் 4, அந்த 4-ஆல் வகுத்தால் 4.19, தண்ணீரின் எண் வந்துவிட்டது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அழகுதான். இப்படிப் பொறுமையாக அளக்கும் வேலைக்கு நம் ஊரில் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். புதுக் கண்டுபிடிப்பு என்று யார் வந்து சொன்னாலும் அதைச் சோதிக்க இதுதானே வழி.

2011-ல் இத்தாலியின் போலோனியாவில், வாங்கும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு வெப்பம் தருகிறது என்று ஒரு கருவியைக் காட்டினார்கள். தண்ணீர் முழுக்க ஆவியாகிவிட்டதாக வைத்துப் போட்ட கணக்கைத்தான் பலரும் கேள்வி கேட்டார்கள். ஒரு கிலோ தண்ணீரை 25-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 314 கிலோஜூல் போதும், ஆவியாக்க அதற்குமேல் 2,257 வேண்டும். ஆவியோடு சேர்ந்து துளிகளாகத் தண்ணீரும் வெளியேறினால், விடை எட்டு மடங்குவரை ஊதிப்போகலாம். கொதிக்கவிடாமல் ஓட்டத்தைக் கூட்டி அளந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

கேட்ட வாசகருக்கு இன்னொன்று. உங்களுக்கு 2,270 வாட் போல வந்தால் கீசரைக் குறை சொல்லாதீர்கள், முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த 3 கிலோவாட் சூடாக்கும் கம்பிச்சுருள் 200 வோல்ட்டில் அவ்வளவுதான் தரும்.