விளைவு: சாலைச் சந்திப்பு மேம்பாட்டில் ‘இம்பாக்ட்’ என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்

வடசென்னையில் ஒரு சாலைச் சந்திப்பை அகலப்படுத்தவோ அதன்மேல் பாலம் கட்டவோ திட்டம் வகுக்கப்படும்போது, அதற்கான அறிக்கையில் ‘எகனாமிக் இம்பாக்ட்’, ‘என்விரான்மென்டல் இம்பாக்ட்’ என்ற இரு தலைப்புகள் அடுத்தடுத்து வருவது வழக்கம். ஆங்கிலத்தில் இரண்டு தலைப்புக்கும் அடிச்சொல் ஒன்றே. ஆனால் அதே செய்தியைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் முதலாவதைப் ‘பொருளாதாரப் பயன்கள்’ என்றும் இரண்டாவதைச் ‘சுற்றுச்சூழல் பாதிப்புகள்’ என்றும் ஆக்கிவிடுகிறார்கள். நிறுப்பதற்கு முன்பே தராசின் ஒரு தட்டில் ‘நன்மை’ என்றும் மறு தட்டில் ‘தீமை’ என்றும் சீட்டு ஒட்டிவிடுவது போன்றது இது. சந்திப்பு மேம்பாட்டால் பொருளாதாரக் கேடும் வரலாம், சூழலுக்கு நன்மையும் வரலாம் என்ற இரண்டு வாய்ப்புகளும் இந்தச் சொல்லாட்சியில் அடிபட்டுப் போகின்றன. இரு தலைப்புக்கும் ‘விளைவு’ என்ற ஒரே சொல்லை ஆள்வதே தகும் என்பது என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘உள்ளே’ என்று பொருள்படும் முன்னொட்டோடு ‘அறைந்து பொருத்து’ என்னும் வினை சேர்ந்து ‘இம்பிங்கெரே’ என்றாகி, அதன் இறந்தகால எச்சமான ‘இம்பாக்டுஸ்’ ஆங்கிலத்துக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒரு பொருள் மற்றொன்றின்மேல் மோதுவதைக் குறித்தது. கருத்தோ செயலோ ஏற்படுத்தும் அழுத்தமான பதிவைக் குறிக்கும் உருவகப் பொருள் பின்னர்தான் கிளைத்தது. சட்டச் சொல்லாக அது வேரூன்றியது அமெரிக்காவில், 1970 ஜனவரி 1 அன்று கையொப்பமான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் வழியாக. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த 1978-இல் வெளியான விதிகள், ‘எஃபெக்ட்’, ‘இம்பாக்ட்’ ஆகிய இரண்டும் ஒரே பொருள் உடையவை என்று வெளிப்படையாக வரையறுத்ததோடு, நன்மை தருபவையும் தீமை தருபவையும் அதில் அடங்கும் என்றும் சொல்லின. ஆகவே இந்தத் துறையில் ‘இம்பாக்ட்’ என்பது மோதல் என்ற பழைய பொருளைக் கழற்றி வைத்துவிட்ட சொல். தமிழாக்கம் செய்வோர் வேர்ச்சொல்லை நோக்குவதைவிடத் துறைப்பொருளை நோக்குவதே முறை.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. அரசு வழக்கில் நிலைபெற்றது ‘தாக்கம்’. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் என்ற பெயரில் அதைக் காணலாம். தாக்கு என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல் மோதலையும் அடியையும் நினைவூட்டுவது. குறளில் வரும் ‘தாக்கணங்கு’ என்பது தாக்கி வருத்தும் தெய்வம். இலத்தீன் வேருக்கு இது நெருங்கிய மொழிபெயர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தாக்கம் என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. சாலைச் சந்திப்பில் நாம் அளக்க விரும்புவதோ, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவுவது.

செய்தித்தாள்களில் மிகுதியாகப் புழங்குவது ‘பாதிப்பு’. வடமொழியின் ‘பாத்’ என்னும் வினைமூலத்திலிருந்து வந்த இது துன்புறுத்தலையே குறிக்கும். இதே மூலத்திலிருந்து வந்த ‘பாதை’ என்ற சொல்லுக்குத் துன்பம் என்று அகராதி பொருள் தருகிறது. நடக்கும் வழியைக் குறிக்கும் ‘பாதை’ வேறு மூலத்தது. வியாசர்பாடி கணேசபுரம் ரயில்வே சுரங்கப்பாதையைக் கனமழைக் காலத்தில் கடக்க முயன்றவர்கள் இரண்டும் ஒன்றே என்று வாதிடக்கூடும். எது எப்படியாயினும், ‘பாதிப்பு’ என்று எழுதிய பிறகு ‘நல்ல பாதிப்பு’ என்று எழுத முடியாது. தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது ‘விளைவு’. விளை என்னும் வினை, முற்றுதலையும் உண்டாதலையும் ஒருங்கே குறிக்கும். விளைச்சல், விளைநிலம், விளையுள் என்று அதன் குடும்பம் பெரிது. விதைத்ததற்கும் அறுப்பதற்கும் இடையில் உள்ள காலத்தை இச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. நல்விளைவு, தீவிளைவு என இரு பக்கமும் அடைமொழி ஏற்கிறது. மருந்துக்குப் ‘பக்கவிளைவு’ உண்டா என்று மருத்துவரிடம் கேட்காதவர் இல்லை. ‘பின்விளைவு’ என்பதும் எல்லார் வாயிலும் உள்ளது. பேருந்தில் போகாத ஒருவர் பேருந்துப் புகையை மூச்சிழுக்க நேர்வதைப் போல, கொடுக்கல் வாங்கலில் பங்கு பெறாதவர்மேல் விழும் பயனையும் சுமையையும் பொருளியலார் ‘புறவிளைவு’ என்கிறார்கள். ஆக, இத்துறைக்குத் தேவையான கூட்டுச்சொற்கள் பாதிக்குமேல் முன்பே ஆயத்தமாக இருக்கின்றன.

‘ஜங்ஷன்’ என்பதற்கான தமிழைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சந்தி வடசொல் ஆனாலும் மிகப் பழைய வரவு. திருமுருகாற்றுப்படையிலேயே ‘சதுக்கமும் சந்தியும்’ என்று வருகிறது. முச்சந்தி, நாற்சந்தி, சந்தி சிரித்தல் என்று ஊறிப்போன சொல்லை ஒதுக்குவதில் பொருளில்லை. பொன்னேரிப் பக்கம் தச்சூர் கூட்டுச்சாலை என்பதும் நல்ல தமிழே. நகருக்குள் மக்கள் இரண்டையும் விட்டுவிட்டுச் ‘சிக்னல்’ என்கிறார்கள். ‘மேம்பாடு’ என்ற சொல்லில் மட்டும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. மேம்படுமா என்பதை ஆராயும் அறிக்கை, மேம்பாடு என்ற முடிவையே தலைப்பாகச் சூடிக்கொள்கிறது. அதுவும் வழக்கில் உறைந்துவிட்டதால் இங்கே அதை மாற்றவில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். சந்திப்பு மேம்பாட்டின் பொருளாதார விளைவு என்று பொறியாளர்கள் முதலில் கணக்கிடுவது நேரச் சேமிப்பை. எடுத்துக்காட்டுக்கு, நாளொன்றுக்கு 50,000 வாகனங்கள் கடக்கும் சந்திப்பு ஒன்றில் வாகனத்துக்கு 30 வினாடி மிச்சமாகிறது என்று கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 417 மணிநேரம். இதனோடு மிச்சமாகும் எரிபொருள், தேய்மானம், குறையும் விபத்து ஆகியவற்றுக்கும் பணமதிப்பு இட்டு, கட்டுமானச் செலவோடும் பராமரிப்புச் செலவோடும் ஒப்பிடுவார்கள். எரிபொருள் மிச்சத்தை வரி நீக்கிய விலையில்தான் மதிப்பிட வேண்டும். ஏனெனில் வரி என்பது ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவதே அன்றிச் செலவான வளம் அன்று. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் பேராயம் இதற்கெனத் தனிக் கையேடு வெளியிட்டுள்ளது.

இந்தக் கணக்கின் அடியில் இருக்கும் அலகைத்தான் நாம் உற்றுநோக்க வேண்டும். அது ‘பயணிகள் கார் அலகு’. அப்பேராயத்தின் 1990-ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியில் கார் 1 என்றால், இருசக்கர வாகனம் 0.5 முதல் 0.75, பேருந்தும் லாரியும் 2.2 முதல் 3.7, தள்ளுவண்டி 2 முதல் 3. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைச் சொல்லும் இவ்வலகு, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அறுபது பேரை ஏற்றிவரும் மாநகரப் பேருந்தும் காலியாகத் திரும்பும் லாரியும் ஒரே எண் பெறுகின்றன. நடந்து போகிறவருக்கோ எண்ணே இல்லை. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண், சந்திப்பின் கொள்ளளவுக் கணக்கில் குறுக்கே வந்த தாமதமாக மட்டுமே தோன்றுவார். தள்ளுவண்டி வணிகர் இரண்டு மூன்று கார்களுக்குச் சமமான தடையாகத் தோன்றுவார். அவருடைய அன்றாட வருவாய் எந்தக் கட்டத்திலும் எழுதப்படாது. சந்திப்பில் சாலையின் எல்லாக் கிளைகளிலும் சேர்ந்து மணிக்கு 10,000 அலகுக்கு மேல் போக்குவரத்து இருந்தால் மேம்பாலம் கருதத்தக்கது என்று ஒரு வரையறை உண்டு. துறைமுகம் நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் செல்லும் வடசென்னைச் சாலைகளில் அந்த எண்ணை எட்டுவது எளிது. அந்த எண்ணுக்குள் எத்தனை மனிதர்கள் என்பது வேறு கேள்வி.

பாலம் வந்தபின் கீழே இருக்கும் கடைகளுக்கு என்ன ஆகிறது என்பதும் பொருளாதார விளைவே. சிக்னலில் நிற்கும் வண்டிகளை நம்பிப் பிழைக்கும் டீக்கடை, பஞ்சர்க் கடை, பூக்கடை ஆகியவற்றின் வாடிக்கையாளர்களை மேம்பாலம் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் தகரத் தடுப்புக்குப் பின்னால் போன கடைகளின் நிலை இன்னும் மோசம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கும் முன்பு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். இவற்றை ‘பொருளாதாரப் பயன்கள்’ என்ற தலைப்பின் கீழ் எங்கே எழுதுவது? ‘பொருளாதார விளைவுகள்’ என்று தலைப்பிட்டால் இடம் தானாகக் கிடைக்கிறது.

சூழல் பக்கத்திலும் இதே நிலைதான். நின்று நின்று நகரும் டீசல் லாரி, சீராக ஓடும் லாரியைவிடக் கிலோமீட்டருக்கு அதிகப் புகை விடும் என்பதால், நெரிசல் குறைந்தால் சந்திப்பின் காற்று தூய்மை அடைவது உண்மையான நல்விளைவு. ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் பிஎம் 2.5 நுண்துகள் இருக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டின் தேசிய அளவுகோல். அதே ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மணலியையும் சேர்த்தது. அத்தகைய வட்டாரத்தில் சிறு குறைவும் பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் நெரிசல் குறைந்த சாலை புதிய வாகனங்களை இழுக்கும். மேலும், ஒரு சந்திப்பில் மிச்சமான நேரம் அடுத்த சந்திப்பில் காத்திருப்பாகத் திரும்பிவிடுவதும் உண்டு. மூலக்கடை, ரெட்டேரி, மாதவரம் ரவுண்டானா ஆகியவை ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. அவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டால் மூன்றிலும் பயன் வந்ததாகக் காட்டலாம். ஒன்றாக மதிப்பிட்டால் தொகை மாறும்.

ஒலியும் நீரும் அடிக்கடி விடுபடுபவை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆகலாம். அங்கே பகலில் 50 டெசிபெல், இரவில் 40 டெசிபெல் என்பது வரம்பு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையை ஒட்டிய பழைய சிறைச்சாலைச் சாலையில் இந்த வரம்பை எதிர்பார்ப்பது பேராசை. என்றாலும், எந்த மாற்றத்துக்குப் பின் எத்தனை டெசிபெல் கூடும் அல்லது குறையும் என்று முன்கூட்டியே கணித்து எழுத முடியும். நீர் இன்னும் சிக்கலானது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மட்டுமே உயர்ந்த தட்டையான நிலத்தில், பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் புதிய அடுக்கைப் போட்டுச் சந்திப்பை உயர்த்தினால், சாலை காயும், பக்கத்துத் தெரு நனையும். சாலைத்துறையின் கணக்கில் அது நல்விளைவு. படியேறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது படியிறங்கிப் போகிறார்கள் என்பது வேறொருவர் கணக்கு.

காலத்தை எப்படி நிறுப்பது என்பதே எல்லாவற்றிலும் கடினமானது. வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் விகிதத்தைக் கழிவு வீதம் எனலாம். இந்தியச் சாலைத் திட்டங்களில் நெடுங்காலமாக 12 விழுக்காடு என்பதே எல்லைக்கோடாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. அந்த வீதத்தில் 20 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 10 ரூபாய். சந்திப்பை அகலப்படுத்த வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடுவோம் என்று எழுதும்போது, அக்கன்றுகளின் நிழல் முழுமை பெறும் காலத்தையும் இதே வீதத்தால் கழித்துப் பார்த்தால், பத்துக்கு ஒன்று என்ற ஈடு ஏறக்குறைய சரிக்குச் சரியாகவே முடிகிறது. அதுவும் பத்தும் பிழைத்தால். ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்ற குறளில் மூன்று உறுப்புகள் இருப்பதை இங்கே கவனிக்கலாம். இப்போது போவது, அதனால் வருவது, வந்தபின் தொடர்ந்து தருவது. செலவு–பயன் பகுப்பாய்வு என்ற நம் கலைச்சொல் முதல் இரண்டை மட்டுமே பெயரில் வைத்திருக்கிறது.

நிறுக்கும் கடமையைச் சட்டம் எப்போதும் சுமத்துவதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நெடுஞ்சாலைப் பிரிவில் விரிவாக்கப் பணிக்கு நீளமும் கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் அளவுகோல்கள். பின்வந்த திருத்தத்தின்படி தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அதற்குள் வரும். சந்திப்பு ஒன்றின் நீளத்தை மீட்டரில்தான் சொல்ல முடியும். எனவே பெரும்பாலான சந்திப்புப் பணிகளில் சூழல் விளைவை எழுதுவது, எழுதுகிறவரின் பொறுப்புணர்வைப் பொறுத்ததாக நிற்கிறது.

இச்சொற்களை ஆளும் முறை பற்றி ஒரு குறிப்பு. சட்டப் பெயர்களிலும் ஆணையப் பெயர்களிலும் ‘தாக்கம்’ என்பதை உள்ளபடியே எழுத வேண்டும், அவை பெயர்கள். திட்டத்தைப் பற்றி நாமே எழுதும்போது ‘பொருளாதார விளைவுகள்’, ‘சூழல் விளைவுகள்’, ‘விளைவு மதிப்பீடு’ என்று எழுதலாம். ‘பாதிப்பு’ என்ற சொல்லை அளந்து உறுதியான தீங்குக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது: ஒலி வரம்பு மீறியது என்று அளவீடு காட்டினால் அது பாதிப்பு; மீறக்கூடும் என்று கணித்தால் அது எதிர்பார்க்கும் விளைவு. ‘பயன்’ என்ற சொல்லுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.