ஒரு பை ரத்தமும் முந்நூற்று ஐம்பது பையும்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாம்பிளுக்கு நாலு மஞ்சளை ஒடித்துப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்கள். ரத்த வங்கியில் இது நடக்காது. ஒவ்வொரு பையும் வேறொரு உடம்பிலிருந்து வருவது. அதனால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் சோதிப்பது இந்தியாவில் கட்டாயம்.

அப்புறமும் எப்படி வைரஸ் தப்பிக்கிறது? பல சோதனைகள் வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. ஹெபடைடிஸ் சி தொற்றினால் அந்த எதிர்ப்பொருள் தென்படவே இரண்டு மாதம்கூட ஆகலாம். இந்த இடைவெளிக்கு விண்டோ பீரியட் என்று பெயர். கொடையாளிக்குத் தலைவலிகூட இருக்காது. நல்ல மனதோடு முகாமில் கை நீட்டுவார். வைரஸின் மரபுப்பொருளையே பெருக்கிப் பார்க்கும் நாட் சோதனை இந்த இடைவெளியைப் பத்து நாள் அளவுக்குச் சுருக்கும். ஆனால் அது எல்லா ரத்த வங்கியிலும் இல்லை.

ஒரு பை மட்டும் ஏற்றிக்கொள்பவருக்கு இது மிகச் சின்ன ஆபத்து. தலசீமியா, அதாவது உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவிக் கோளாறு உள்ள குழந்தையின் கணக்கு வேறு. ரத்தம் ஏற்றிக்கொள்ள மூன்று வாரத்துக்கு ஒருமுறை தாராபுரத்திலிருந்து கோவைக்கு பஸ் ஏறுகிறது என்றால், முறைக்கு ஒரு பை வைத்தாலே இருபது வருடத்தில் கிட்டத்தட்ட 350 பை. பைக்கு 10,000-ல் 1 ஆபத்து என்று சும்மா கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 350 பை சேர்ந்தால் கிட்டத்தட்ட 30-ல் 1.

சோதனைக்குத் தெரியாத அந்த நாட்களில், கொடையாளி கேள்வித்தாளில் எழுதும் உண்மைதான் காவல். "அவசரம், யாராவது வாங்க" என்று மாமன் மச்சானை, பங்காளியை இழுத்து வருகிறோமே, சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போது எத்தனை பேர் மறைக்காமல் எழுதுவார்கள்? தானாக, தவறாமல் வந்து கொடுப்பவரின் ரத்தம்தான் மேல் என்பேன்.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் பை ஏறும் முன்பே போட்டுவிட்டால் நல்லது. சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையிலேயே குணமாகிவிடும். கண்டுபிடித்தால்தானே மாத்திரை? சி வைரஸ் ஈரலில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அடிக்கடி ரத்தம் ஏற்றுபவரின் ஈரலோ, ஏறிய ரத்தத்தின் இரும்பு படிந்து ஏற்கெனவே நொந்திருக்கும். சி சோதனை இந்தியாவில் கட்டாயமானதே 2001-ல்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இன்றைக்காவது ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இப்போது ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் வருடம் ஒருமுறையாவது.