எடுத்து வளர்த்த பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டீர்களா?

சொத்துள்ள குடும்பங்கள் என் வக்கீல் அலுவலகப் படியேறுவது பெரும்பாலும் கருமாதி முடிந்த பிறகுதான். அப்படி வந்த ஒரு குடும்பத்தை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்.

தாத்தா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் நிலம் வாங்கினார். மகன் காலத்தில் அது செம்பனை ஆனது; லாரிகளும் பெரிய வீடும் வந்தன. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை அவர்களுக்குத்தான். பிள்ளை மட்டும் இல்லை. "பெரிய வீட்டு மருமக மலடின்னு ஊர் பேசக்கூடாது" என்று பாட்டி மருமகளை எட்டு மாதம் ஈப்போவில் வைத்திருந்து, பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பெண் குழந்தையோடு அழைத்து வந்தார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது 36 வயது. அப்பாவைக் கடைசி வரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனவர். பெட்டகத்தில் நிலக் கிராண்டுகளுக்கு அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. நாலாக மடித்தது, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. பதிவிலாகாவின் தத்துப் பதிவு. என் மேசையில் வைத்து இரண்டு தடவை படித்தார். "இதுல இருக்கறது நானா சார்?" என்றார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே, தீபகற்ப மலேசியாவில், தத்தெடுக்க இரண்டு வழிகள். இரண்டுக்கும் 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்பதால் பலருக்குக் குழப்பம். நீதிமன்றம் வழியாக எடுத்த பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையைப் போலவே பங்கு உண்டு. இரண்டு வருடம் வளர்த்துப் பதிவிலாகாவில் மட்டும் பதிந்த பிள்ளைக்கு, உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தில் பங்கே இல்லை. அம்மாவும் தாத்தா பாட்டியும் முன்பே போய்விட்டார்கள். ஆக, எல்லாம் அப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கு. சித்தப்பா கெட்டவர் இல்லை. ஆனாலும் இது தெரிந்த பிறகு அவர் குரல் மாறியது: "வீட்ல இருந்துக்கட்டும், நாங்க பாத்துக்குறோம்."

அப்பா ஏன் உயில் எழுதவில்லை? எழுதினால் விஷயத்தை வக்கீலிடமும் கிளார்க்கிடமும் சொல்ல வேண்டும். சின்ன ஊர். பயந்துதான் தள்ளிப்போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் வேண்டாம். கட்சிக்காரர் சொன்னதை வெளியே விடாமல் காப்பது எங்கள் கடமை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தக் காகிதத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 21 வயது ஆகாத, கல்யாணமாகாத பிள்ளை என்றால் நீதிமன்ற வழியைப் பற்றிக் கேளுங்கள். வயது தாண்டியிருந்தால் உயில்தான். "என் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக விடாமல் பெயரையும் ஐசி எண்ணையும் எழுதுங்கள். இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கும்போது கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பிள்ளையோ அவர் கணவரோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது.

அந்தக் குடும்பத்தில் அத்தை மட்டும் தன் பங்கை அந்தப் பெண் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். ஈப்போவிலிருந்து வந்த காரில் குழந்தையை மடியில் வைத்திருந்தது அவர்தானாம்.