சீசன் முடிந்து வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐ பணம்

மே மாதக் கூட்டம் மலையிறங்கியதும் ஊட்டி, குன்னூர் ஓட்டல்களில் ஆள் குறைப்பு தொடங்கிவிடும். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களா? முதலில் பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் (சம்பளத்தில் 0.75 சதவீதம்) இருந்தால் ஒரு வழி இருக்கிறது.

திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. நம் வாயில் நுழையாது. வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐ கொடுக்கும் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் வந்தது. சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள். ஆயுளுக்கே அந்த 90 நாள்தான்.

சராசரி எப்படி? கடைசி இரண்டு ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுப்பார்கள். மாதம் 15,000 ரூபாய் விடாமல் வாங்கியவருக்கு நாளுக்கு 493 ரூபாய் வரும். அதில் பாதி, 90 நாளுக்கு, ஏறக்குறைய 22,190 ரூபாய். நடுவில் சம்பளமில்லாத மாதங்கள் இருந்தாலும் வகுப்பது அதே 730-ஆல்தான், தொகை இறங்கிவிடும்.

இரண்டு ஆண்டாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். இஎஸ்ஐ கணக்கில் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என ஆண்டுக்கு இரண்டு சந்தாக் காலம். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மலை சீசன் ஆட்கள் அடிபடுவது இங்கேதான்: ஏப்ரல், மே இரண்டையும் முழுசாகச் சேர்த்தாலும் 61 நாள்தான்.

ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. கணக்கு முடிக்கும்போது "இதில் ஒரு கையெழுத்து" என்று நீட்டும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று அதில் இருந்தால் பிறகு வாதாடுவது கஷ்டம். வேலையிலிருந்து நிறுத்தியதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை போய் 30 நாள் கழித்து இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணில் நுழைந்து விண்ணப்பிக்கலாம். பிறகு விண்ணப்பப் படிவம், ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரத்தைக் கிளை அலுவலகத்தில் நேரிலோ தபாலிலோ சேர்க்க வேண்டும். முதலாளி கையெழுத்து தேவையில்லை. பணம் நேராக வங்கிக்கு வரும். அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது, நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தேயிலை ஃபேக்டரிகள் பருவகாலத் தொழிற்சாலை என்ற கணக்கில் இஎஸ்ஐ சட்டத்துக்கு வெளியே நின்றவை. எஸ்டேட்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பணம் இல்லை. ஐந்து ஆண்டு முடித்த நிரந்தரத் தொழிலாளி என்றால் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) கேளுங்கள்: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் தர வேண்டும்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு மட்டும். பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று ஆண்டு வரை வரும். சிறிய தொகைதான், ஆனால் பதிவைப் புதுப்பிக்க மறந்தவருக்கு அதுவும் வராது.