கீரையில இருக்குற இரும்புல எவ்ளோ நம்ம ரத்தத்துக்கு வந்து சேருது?

100 கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் இரும்புன்னு பட்டியல்ல பாத்துட்டு நாம சந்தோஷமா கணக்கு போடுறோம், ஆனா அது வாய்க்குள்ள போற கணக்கு மட்டும்தான். கறி, மீன்ல இருக்குற ஹீம் இரும்புல (ஹீமோகுளோபின் மாதிரி புரதத்துல பொதிஞ்சு வர்ற இரும்பு) சுமார் 15லேர்ந்து 35 சதவீதம் வரைக்கும் உடம்பு எடுத்துக்கும். தாவரத்துல இருக்குறது நான்-ஹீம், அதாவது அப்படி பொதியாத இரும்பு, அதுல 2 சதவீதம்கூட ஏறலாம், 20ம் ஏறலாம். ஏன் இவ்ளோ வித்தியாசம்?

இரும்புக்கு ஃபெர்ரிக், ஃபெர்ரஸ்னு ரெண்டு வேதி வடிவம் உண்டு, தாவர இரும்பு பெரும்பாலும் ஃபெர்ரிக் வடிவத்துல வருது. வயித்து அமிலத்துல கரைஞ்சிடும், ஆனா சிறுகுடலோட ஆரம்பத்துக்கு வந்து அமிலம் குறைஞ்சதும் கரையாம கெட்டிப்பட ஆரம்பிச்சிடும், அங்கதான் உறிஞ்சுற வேலையே நடக்கணும். குடல் செல்லுல இருக்குற டிஎம்டி1ங்கற புரதம் ஃபெர்ரஸ் வடிவத்த மட்டும்தான் உள்ள விடும். வைட்டமின் சி இங்கதான் கை கொடுக்குது, ஃபெர்ரிக்க ஃபெர்ரஸா மாத்துறதோட அத கரைஞ்ச நிலையிலயே புடிச்சும் வெச்சுக்கும். அதனால பருப்பு சாப்பிடும்போதே எலுமிச்சை புழிஞ்சா பலன் உண்டு, காலைல ஆரஞ்சு தின்னுட்டு ராத்திரி பருப்பு சாப்பிட்டா அந்த வேலை நடக்காது.

எதிர் பக்கமும் ஆள் இருக்கு. தானியம், பயறுல இருக்குற ஃபைட்டேட், டீ காபில இருக்குற பாலிஃபீனால், ரெண்டும் இரும்ப கட்டிப்போட்டுடும். பயற ஊறவெச்சு முளைகட்டினா ஃபைட்டேஸ் என்சைம் ஃபைட்டேட்ட உடைச்சு குறைக்கும். டீய விட சொல்லல (யாரு கேக்கப்போறா), சாப்பாட்டுலேர்ந்து ஒரு மணி நேரமாச்சும் தள்ளி குடிங்க.

இதெல்லாம் சரியா இருந்தாலும் கடைசி முடிவு கல்லீரல் கையில. உபரி இரும்ப வெளியேத்த உடம்புல தனி வழி கிடையாது, அதனால உள்ள வர்ற இடத்துலயே கட்டுப்பாடு. கையிருப்பு நிறைய இருந்தா கல்லீரல் ஹெப்சிடின்ங்கற ஹார்மோன சுரக்கும், அது குடல் செல்லுலேர்ந்து ரத்தத்துக்கு போற கதவ பூட்டிடும், இரும்பு அந்த செல்லுலயே மாட்டிக்கிட்டு சில நாள்ல செல் உதிரும்போது மலத்தோட போயிடும். இரும்பு குறைவா இருக்குறவங்களுக்கு ஹெப்சிடின் இறங்கிடும், அதே சாப்பாட்டுலேர்ந்து அவங்க உடம்பு அதிகமா இழுத்துக்கும். ஒரே சிக்கல், உடம்புல நாள்பட்ட அழற்சி இருந்தா பற்றாக்குறை இருக்கும்போதே ஹெப்சிடின் ஏறி நிக்கும், அப்போ எவ்ளோ கீரை தின்னாலும் பெருசா ஏறாது, அந்த அழற்சிக்கு என்ன காரணம்னு டாக்டர் பாத்துதான் ஆகணும்.